புதுக் கார் வாங்கியாச்சு... ஷெட்டுக்குள்ளே போகுமா? வாசலை இடிக்குமுன் ஒரு நிமிஷம்!

கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-ம் ஆண்டு ஆங்கிலேயர்கள் விலைக்கு வாங்கினார்கள். எல்லை எதுவரை என்ற கேள்வி வந்தது. பீரங்கியால் சுட்டார்கள். குண்டு போய் விழுந்த தூரம் வரை கோட்டைக்குச் சொந்தம்!

அளவு எடுப்பதில் அது ஒரு தினுசு. ஆனால் அதே தினுசில் கார் ஷெட் வாசலை அளந்தால் புதுக் கார் தெருவில்தான் நிற்கும். கடல் காற்றில் நின்று துருப்பிடிக்கும்.

"ஏழடி வாசல் இருக்கு மேஸ்திரி. கார் அகலம் ஆறடிதான். அப்புறம் என்ன?" என்பார் வீட்டுக்காரர்.

"ஷட்டர் மாட்டினப்புறம் அளந்து பார்த்தீங்களா சார்?" என்று கேட்பார் மேஸ்திரி.

அங்கேதான் இருக்கிறது விஷயம்!

அரையடி மாயம்

ஏழடி என்பது செங்கல்லுக்குச் செங்கல் உள்ள அளவு. வாசலுக்கு உட்புறமாக ஷட்டர் மாட்டினால், அது ஓடும் சேனல் ஒரு பக்கத்துக்கு 3 அங்குலம் வீதம் இடத்தைத் தின்றுவிடும். மிச்சம் ஆறரை அடி.

இனி காருக்கு வருவோம். ஒரு காலத்தில் பெரிய கார் என்றால் அம்பாசடர். அதன் அகலம் 5 அடி 5 அங்குலம் சொச்சம். 1983-ல் வந்த மாருதி 800, ஐந்தடிகூட இல்லை. அந்தக் கார்களை நினைத்துக் கட்டிய ஷெட்டுகளுக்கு ஏழடி வாசல் தாராளம்.

இன்று? ஸ்விப்ட் கார் 5 அடி 8 அங்குலம். இன்னோவா கிரிஸ்டா முழுசாக 6 அடி. ஸ்கார்பியோ-என் 6 அடி 3 அங்குலத்துக்கும் மேல். கம்பெனி சொல்லும் இந்தக் கணக்கில் பக்கவாட்டுக் கண்ணாடிகள் சேர்த்தி இல்லை. இரண்டு பக்கக் 'காதுகளும்' சேர்ந்து இன்னும் முக்கால் அடி கேட்கும்.

ஆறே முக்கால் அடி கார். ஆறரை அடி வாசல். தினமும் கண்ணாடியை மடக்கினால் நுழையலாம். ஒரு நாள் மறந்தால் கண்ணாடிக்குத் தண்டச் செலவு!

எட்டா, ஒன்பதா?

ஒரு கார் உள்ள வீட்டுக்கு, ஷட்டர் மாட்டிய பிறகு எட்டடி கிடைத்தால் நிம்மதி. அமெரிக்காவிலும் ஒற்றைக் கார் கதவுக்கு 8 அடி அல்லது 9 அடிதான் வழக்கம். தமிழ்நாட்டின் 2019-ம் ஆண்டு கட்டிட விதிகள் ஒரு கார் நிறுத்த ஒதுக்கும் இடமும் இரண்டரை மீட்டருக்கு 5 மீட்டர். அதாவது அகலம் எட்டடிக்குக் கொஞ்சம் மேல்.

ஆனால் எட்டடி என்பது தெருவிலிருந்து நேராக நுழையும் காருக்கு. ஒடுக்கமான தெருவில் காரை ஒடித்துத் திருப்பி நுழைப்பவர்களுக்கு ஒன்பது அல்லது பத்தடி வேண்டும். கார் திரும்பும்போது முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போகாது. உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். பின்கதவில் கோடு விழுவது இதனால்தான்.

சுவரை உடைக்குமுன் காசில்லாமல் ஒரு சோதனை செய்யலாம். ஒரு காலி மைதானத்தில் தெருவின் அகலத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். வாசல் வரும் இடத்தில் இரண்டு காலித் தண்ணீர் கேன்களை எட்டடி இடைவெளியில் வையுங்கள். காரைத் திருப்பி நுழைத்துப் பாருங்கள். கேன் விழுந்தால் இடைவெளியைக் கூட்டுங்கள். கேன் விழுந்தால் நஷ்டம் இல்லை. தூண் இடித்தால் நஷ்டம்!

இன்னொன்று. வாசல் அகலம் வேறு, ஷெட் அகலம் வேறு. எட்டடி வாசல் வழியாகக் கார் உள்ளே போய்விடும். கதவைத் திறந்து ஆள் இறங்க வேண்டாமா? அதற்கு ஷெட்டின் உள் அகலம் பத்தடியாவது வேண்டும்.

காற்று கேட்கும் கணக்கு

"எதுக்குங்க வம்பு? பதினாறு அடிக்கு ஒரே ஷட்டராப் போட்டுடலாம்" என்று வீட்டுக்கார அம்மா சொல்லக்கூடும். வேறு ஊரில் சரி. கடற்கரையில் யோசிக்க வேண்டும்.

2011 டிசம்பர் 30-ந்தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரை கடந்தது. காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வீசியது. அந்த வேகக் காற்று, எட்டடி அகலம் ஏழடி உயரமுள்ள ஷட்டரை ஏறத்தாழ 480 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். பதினாறு அடி ஷட்டர் என்றால் 960 கிலோ! அகலம் கூடக் கூட தகடு நடுவில் வளைந்து, சேனலை விட்டுப் பிடுங்கிக்கொள்ளும்.

ஷட்டர் போனால் ஷட்டரோடு போகாது. உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தூக்கும். 1992-ல் அமெரிக்காவின் புளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ புயலில், கார் ஷெட் கதவு பிய்ந்ததால் கூரையும் பறிபோன வீடுகள் உண்டு.

ஆகவே இரண்டு கார் வைத்திருப்போர், நடுவில் தூண் வைத்து எட்டடியாக இரண்டு ஷட்டர் போடுவது நல்லது. ஒன்று பழுதானாலும் இன்னொரு கார் வெளியே வரும். துத்தநாகப் பூச்சுள்ள தகடு, ஆழமான சேனல், தகடு நழுவாமல் பிடிக்கும் காற்றுப் பூட்டு மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும். உப்புக் காற்று சாதாரணத் தகட்டைச் சீக்கிரம் அரித்துவிடும்.

லிண்டலில் கை வைக்காதீர்!

ஏழடி வாசலை ஒன்பதாக்குவது என்றால், மேலே உள்ள லிண்டலை எடுத்துவிட்டு நீளமான புது லிண்டல் போட வேண்டும். அது இரு பக்கமும் சுவரின் மீது குறைந்தது 6 முதல் 8 அங்குலம் உட்கார வேண்டும். முட்டுக் கொடுக்காமல் பழையதை உடைத்தால் மேல் சுவர் தலையில் இறங்கும்! ஓரத்தில் கான்கிரீட் தூண் இருந்தால் அதைச் செதுக்கி அகலம் சேர்க்கவே கூடாது. மாடி வீடு என்றால் இன்ஜினீயர் வந்து பார்த்த பிறகே சுத்தியலை எடுக்க வேண்டும்.

முதலில் காரை அளக்க வேண்டும், கண்ணாடியோடு. பிறகு தெருவை. பிறகு காற்றை நினைத்துப் பார்க்க வேண்டும். கடைசியில்தான் சுவர்.

பீரங்கி வைத்து எல்லை அளந்த ஊர்தான். ஆனால் கார் ஷெட்டுக்கு ஒரு டேப் போதும்!