கை நடுங்கினாலும் நடுங்காத கமரா



கொடிகாமத்தில் ஒரு கலியாணவீட்டுக்குப் போனால் உங்கள் கண் எங்கே போகும்? பலகாரத் தட்டுக்கா? மேளக்காரரிடமா? உங்களில் சிலர் வீடியோ எடுக்கும் அண்ணாவைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். அது எனக்குத் தெரியும்.

சில அண்ணாமாரின் கையில் ஒரு தடி இருக்கும். தடியின் மேல்முனையில் சின்னக் கமரா. கீழ்முனையில் சில இரும்பு வில்லைகள். பொம்பிளை மாப்பிள்ளை முன்னே நடந்து வர, அண்ணா பின்பக்கமாகவே நடப்பார். கோயில் வீதி மணலில் கால் புதையும். ஆனால் வீடியோவைப் போட்டுப் பார்த்தால் குலுக்கமே இருக்காது.

“சின்னக் கமராவை இலேசாகப் பிடித்துக்கொண்டு போகலாமே! இரும்பையும் ஏன் சேர்த்துக் காவுகிறார்?” என்று கேட்கத் தோன்றுகிறதா? சபாஷ்! இப்படிக் கேட்கிற பிள்ளைதான் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை. வாருங்கள், விடையைச் சேர்ந்தே தேடுவோம்.

முதலில் உங்கள் கண்ணைச் சோதிப்போம்

இந்தப் பக்கத்தைக் கையில் பிடியுங்கள். பக்கம் அசையக்கூடாது. தலையை மட்டும் இடமும் வலமுமாக விரைவாக ஆட்டிக்கொண்டே வாசியுங்கள். வாசிக்க முடிகிறது, இல்லையா?

இப்போது தலையை அசைக்காதீர்கள். பக்கத்தை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்தெல்லாம் கலங்கிவிட்டதா?

காரணம் உங்கள் காதுக்குள் இருக்கிறது. உட்காதில் சமநிலையை உணரும் உறுப்பு ஒன்று உண்டு. தலை வலப்பக்கம் திரும்பினால் அது உடனே கண் தசைகளுக்குச் செய்தி அனுப்பும். கண் அதே அளவு இடப்பக்கம் திரும்பும். அதனால்தான் நீங்கள் ஓடும்போதும் முன்னால் நிற்கும் தென்னைமரம் குலுங்குவதில்லை.

சாதாரணக் கமராவுக்கு அப்படி ஒரு காது கிடையாது. கை நடுங்கினால் படமும் நடுங்கும்.

எந்த நடுக்கம் பொல்லாதது?

கமரா இரண்டு விதமாக அசையும். ஒன்று, இருந்த இடத்திலிருந்து மேலே, கீழே, பக்கவாட்டில் நகர்வது. மற்றது, இருந்த இடத்திலேயே திரும்புவது, சரிவது.

10 மீற்றர் தூரத்தில் ஒரு மாமரம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கமரா 1 சென்ரிமீற்றர் மேலே நகர்ந்தால், அது பார்க்கும் இடமும் மரத்தில் 1 சென்ரிமீற்றர்தான் நகரும். கண்ணுக்கே தெரியாது. ஆனால் கமரா ஒரேயொரு பாகை திரும்பினால்? மரத்தில் ஏறக்குறைய 17 சென்ரிமீற்றர் தள்ளிப்போகும்! ஒரு பெரிய மாம்பழத்தின் நீளத்தைவிட அதிகம்.

ஆகவே நாம் முதலில் அடக்கவேண்டியது திரும்பலைத்தான். இது விளங்கியதா? விளங்காவிட்டால் மேலே உள்ள இரண்டு பத்தியையும் இன்னொருமுறை வாசியுங்கள். அவசரமில்லை.

குரும்பட்டிப் பரிசோதனை

கொடிகாமம் தேங்காய்க்குப் பேர்போன ஊர். தென்மராட்சித் தேங்காயும் மாம்பழமும் பலாப்பழமும் ஊர்ச் சந்தையில் வந்து குவியும். எனவே நமக்கு வேண்டிய சாமான் மரத்தடியிலேயே கிடக்கும்.

ஒரே அளவான இரண்டு குரும்பட்டி பொறுக்குங்கள். ஒன்றரை அடி நீளமான தடி ஒன்று எடுங்கள். தடியின் நடுவில் கை பிடிக்க இடம் விட்டு, கைக்கு இரு பக்கமும் நெருக்கமாகக் குரும்பட்டிகளை நூலால் கட்டுங்கள். இப்போது தடியை நடுவில் பிடித்து, மணிக்கட்டால் அங்கும் இங்கும் விரைவாகத் திருப்புங்கள். இலேசாகத் திரும்பும்.

அடுத்து, குரும்பட்டிகளை அவிழ்த்துத் தடியின் இரு முனைகளிலும் கட்டுங்கள். மறுபடியும் திருப்புங்கள். என்ன நடக்கிறது? கை வலிக்கிறது. தடி திரும்ப மறுக்கிறது!

பாரம் கூடவில்லை. அதே தடி, அதே குரும்பட்டி. பாரம் இருக்கும் இடம்தான் மாறியது. நடுவிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால், குரும்பட்டி திரும்பலை எதிர்க்கும் அளவு நான்கு மடங்காகும். தூரம் நான்கு மடங்கானால் எதிர்ப்பு பதினாறு மடங்கு! மேல்வகுப்பில் இதைச் சடத்துவத் திருப்பம் என்று படிப்பீர்கள். இப்போதைக்கு ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: பாரத்தைப் பரப்பி வைத்தால் திருப்புவது கடினம்.

அண்ணாவின் தடியில் கமரா ஒரு முனையிலும் இரும்பு மறுமுனையிலும் ஏன் இருக்கின்றன என்று இப்போது பிடிபட்டிருக்குமே!

ஒரு கருவி பிறந்தது, ஒருவர் ஓடினார்

இந்த வித்தையைச் சினிமாவுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரைச் சேர்ந்த காரெட் பிரவுன். அதற்கு முன்பு நடந்துகொண்டே குலுக்கமில்லாமல் படம் எடுக்கவேண்டுமென்றால் நிலத்தில் தண்டவாளம் போட்டு, அதன்மேல் கமரா வண்டியைத் தள்ளவேண்டும். படிக்கட்டில் எப்படித் தள்ளுவது?

பிரவுன் ஒரு முக்கியமான உண்மையைப் பிடித்தார். எந்தப் பொருளுக்கும் ஓர் ஈர்ப்பு மையம் உண்டு. அந்த இடத்தில் தாங்கினால் பொருள் எந்தப் பக்கமும் சாயாது. ஆனால் கமராவின் ஈர்ப்பு மையம் கமராவுக்கு உள்ளேயே இருக்கிறது. அங்கே விரலை வைக்க முடியாதே! அவர் கமராவைத் தடியின் மேலே வைத்தார். மின்கலத்தையும் பார்க்கும் திரையையும் கீழே கொண்டுபோனார். உடனே ஈர்ப்பு மையம் வெளியே வந்து தடியில் நின்றது. அந்த இடத்துக்குச் சற்று மேலே, எல்லாப் பக்கமும் தடையின்றிச் சுழலும் மூட்டு ஒன்றைப் பொருத்தினார். அந்த மூட்டுக்குப் பெயர் கிம்பல். கை சரிந்தாலும் அந்தச் சரிவு தடிக்குப் போவதில்லை.

அந்தக் கருவிதான் ஸ்டெடிகாம். 1976இல் வெளியான ‘பவுண்ட் ஃபோர் குளோரி’, ‘ரொக்கி’ ஆகிய படங்களில் அது வேலை செய்தது. பிலடெல்பியா அருங்காட்சியகத்தின் 72 படிகளில் கதாநாயகன் ரொக்கி ஏறி ஓடும் காட்சி உலகப் புகழ் பெற்றது. 1978இல் பிரவுனுக்கும் கருவியைத் தயாரித்த நிறுவனத்துக்கும் ஒஸ்கார் விருது கிடைத்தது.

சின்னக் கமராவின் பெரிய சிக்கல்

சினிமாக் கமராவும் ஸ்டெடிகாமும் சேர்ந்தால் இருபது கிலோவைத் தாண்டிவிடும். சின்ன நடுக்கம் அதை என்ன செய்யும்? ஆனால் ஒரு கைத்தொலைபேசி ஏறக்குறைய 200 கிராம்தான். விரல் பட்டாலே திரும்பிவிடும். காற்று அடித்தாலும் திரும்பிவிடும். இலேசான கமராவை அசையாமல் வைத்திருப்பதுதான் கடினம்! ஆச்சரியமாக இருக்கிறதல்லவா?

மருந்து நமக்குத் தெரிந்ததுதான். கமராவுக்கு அடியில் ஓர் இரும்புத் தகட்டை வையுங்கள். அதற்கு ஈடாகக் கீழ்முனையிலும் பாரம் கூட்டுங்கள். தடியைச் சற்று நீளமாக்குங்கள். கொஞ்சப் பாரத்தைத் தூரமாக வைத்தாலே நிறையப் பலன் கிடைக்கும்.

இப்போது தடியைச் சமநிலைப்படுத்துவோம்

வீட்டில் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். கமரா விலையுயர்ந்தது. அடியில் ஒரு தலையணையும் இருக்கட்டும்.

ஒன்று: படம் எடுக்கும்போது கமராவில் என்னென்ன இருக்குமோ, எல்லாவற்றையும் முதலே பூட்டிவிடுங்கள். மின்கலம், நினைவட்டை, வில்லை மூடி எதையும் பிறகு மாற்றவேண்டாம். ஒரு சின்ன மூடிகூடச் சமநிலையைக் கெடுக்கும்.

இரண்டு: கிம்பலில் பூட்டிய கைபிடியைப் பிடித்துத் தூக்குங்கள். தடி முன்பக்கம் சாய்ந்தால் கமராவைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுங்கள். இடப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம் தள்ளுங்கள். ஒரு மில்லிமீற்றர், இரண்டு மில்லிமீற்றர் என்று மெல்ல மெல்ல. தடி நேர்குத்தாக நிற்கும்வரை பொறுமையாக இருங்கள்.

மூன்று: இதுதான் மிக முக்கியம். தடியைப் படுக்கையாகத் திருப்பிப் பிடித்து, மெதுவாக விடுங்கள். கீழ்முனை இறங்கி, தடி நேராக வரும்வரை எண்ணுங்கள். இரண்டு அல்லது மூன்று செக்கன் எடுத்தால் சரி. சட்டென்று இறங்கினால் கீழே பாரம் கூடிவிட்டது. இரும்பு வில்லை ஒன்றைக் கழற்றுங்கள். இறங்காமலே நின்றால் அல்லது தலைகீழாகப் புரண்டால் கீழே பாரம் போதாது.

கீழே பாரம் கூடினால் நல்லதுதானே என்று நினைக்கிறீர்களா? நல்ல சந்தேகம்! அப்போது தடி கோயில் மணியின் நாக்கைப்போல ஆகிவிடும். நீங்கள் நடக்கத் தொடங்கும்போது ஆடும். நிற்கும்போதும் ஆடும். ஆடிக்கொண்டே இருக்கும்.

நடக்கப் பழகுவோம்

ஒரு கை கைபிடியைத் தாங்கட்டும். பாரமெல்லாம் அந்தக் கைக்குத்தான். மற்றக் கையின் பெருவிரலும் இரண்டு விரலும் கிம்பலுக்கு அருகே தடியைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். அந்த விரல்களின் வேலை கமராவுக்குத் திசை சொல்வது மட்டும். இறுக்கிப் பிடித்தால் உங்கள் நடுக்கமெல்லாம் தடிக்குள் போய்விடும்.

முழங்காலைக் கொஞ்சம் மடக்குங்கள். முதலில் குதிக்கால், பிறகு விரல்கள் என்று பாதத்தை உருட்டி வையுங்கள். ஏன் தெரியுமா? கிம்பல் திரும்பலைத்தான் தடுக்கும். மேலே கீழே குதிப்பதைத் தடுக்காது. பெரிய ஸ்டெடிகாமில் அதற்கென்று விற்சுருள் பூட்டிய இரும்புக் கை உண்டு. உங்களுக்கு முழங்காலும் முழங்கையும்தான் விற்சுருள்.

மெதுவாகத் தொடங்குங்கள். மெதுவாக நிறுத்துங்கள். சோளகக் காற்று வீசும் நாளில் வெளியில் நிற்காமல், மதிலோ வேலியோ மறைக்கும் பக்கமாகப் படம் எடுங்கள். கமராவைச் சூம் பண்ணாமல் அகலமாக வையுங்கள். சூம் பண்ணினால் நடுக்கமும் பெருகும்.

இப்போது மோட்டார் பூட்டிய இலத்திரனியல் கிம்பலும் கடைகளில் கிடைக்கிறது. அதில் திரும்பலை உணரும் நுண்சில்லு ஒன்று இருக்கும். கை எந்தப் பக்கம் திரும்புகிறதோ, மோட்டார் அதற்கு எதிர்ப்பக்கம் திருப்பும். ஆம், உங்கள் உட்காது செய்யும் அதே வேலை! ஆனால் அதிலும் கைத்தொலைபேசியைச் சமநிலையில் பூட்டாவிட்டால் மோட்டார் வீணாகக் களைக்கும். மின்கலமும் சீக்கிரம் தீரும். நடையையும் நீங்கள்தான் பழகவேண்டும்.

நல்ல நடை என்ன செய்யும் என்று ஒரு கதை சொல்கிறேன். 1983இல் வந்த ‘ரிட்டர்ன் ஒஃப் த ஜெடை’ படத்தில், காட்டு மரங்களுக்கிடையே பறக்கும் வண்டிகள் சீறிப் பாயும். அந்தக் காட்டை எடுக்க காரெட் பிரவுன் ஸ்டெடிகாமோடு வெறுமனே நடந்தார்! கமரா செக்கனுக்கு ஒரு படத்துக்கும் குறைவாகவே எடுத்தது. திரையில் செக்கனுக்கு 24 படம் ஓடியது. மணிக்கு 5 கிலோமீற்றர் நடை, 24 மடங்கானால் எவ்வளவு? பெருக்கிப் பாருங்கள். ஒவ்வொரு அடியையும் அவர் எவ்வளவு நிதானமாக வைத்திருக்கவேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்!

சரி பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு புதிர். ஒரு கமராவின் திரை இடப்பக்கமாகத் திறக்கும். திரையை மூடி வைத்துத் தடியைச் சமநிலைப்படுத்தினீர்கள். பிறகு திரையைத் திறந்தீர்கள். தடி எந்தப் பக்கம் சாயும்? அதைச் சரிசெய்யக் கமராவை எந்தப் பக்கம் தள்ளுவீர்கள்? விடையைக் கொப்பியில் படத்தோடு வரையுங்கள். பிறகு குரும்பட்டித் தடியைக் கயிற்றில் தொங்கவிட்டு, உங்கள் விடை சரிதானா என்று நீங்களே சோதியுங்கள்.