போடிநாயக்கனூர்ப் பகுதியில் காட்டுயிர்ச் சுற்றுலா

போடிநாயக்கனூர்ப் பகுதியில் காட்டுயிர்ச் சுற்றுலா என்பது தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரைத் தொடக்க இடமாகக் கொண்டு, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏலமலைச் சரிவுகளிலும் அவற்றை அடுத்த காப்பகங்களிலும் காட்டுயிர்களை அவற்றின் இயல்பான வாழிடத்தில் காண மேற்கொள்ளப்படும் பயணம் ஆகும். தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநிலங்களின் வனத்துறைகளும் இப்பகுதியில் தனித்தனியே அனுமதி வழங்குகின்றன. பருவம், அனுமதி, வழிகாட்டி ஆகிய மூன்றையும் முன்கூட்டியே முடிவு செய்யாமல் இம்மலைகளில் நுழைவது உயிருக்கு ஆபத்தானது என்பதை 2018ஆம் ஆண்டின் குரங்கணி காட்டுத்தீ காட்டியது.

ஆப்பிரிக்க சஃபாரியுடன் ஒப்பீடு

சஃபாரி என்னும் சுவாகிலி மொழிச் சொல்லுக்குப் பயணம் என்பது பொருள். அரபு மொழியிலிருந்து சுவாகிலிக்கு வந்த இச்சொல், பின்னர் காட்டு விலங்குகளைக் காணச் செல்லும் பயணத்தைக் குறிக்கலாயிற்று. கென்யாவின் மாசாய் மாராவை ஒட்டிய கன்சர்வன்சிகளில் மாசாய் மக்கள் தம் நிலத்தைக் காட்டுயிர்களுக்கென ஒதுக்கிக் குத்தகைப் பணம் பெறுகின்றனர். அங்கு தங்கும் பயணிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. நமீபியாவில் 1996ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் இத்தகைய சமூகக் காப்பகங்களுக்கு வழி வகுத்தது.

இந்தியாவில் காப்பகங்கள் பெரும்பாலும் அரசுக்கு உரியவை. வனத்துறையால் மேலாண்மை செய்யப்படுபவை. நிலத்தோற்றமும் வேறானது. ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் தொலைவிலிருந்தே விலங்குக் கூட்டங்களைக் காண முடியும். ஏலமலையின் பசுமைமாறாக் காடுகளிலோ சில மீட்டர் தொலைவில் நிற்கும் யானைகூடக் கண்ணுக்குப் புலப்படாமல் போகலாம். எனவே இங்கு ஒரு நாளில் பல பெரிய விலங்குகளைக் காணலாம் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது. புலிகள் காப்பகங்களிலும் புலியைக் காண்பது அரிது. காட்டெருது, கடமான், நீலகிரிக் கருமந்தி, மலபார் மலையணில், இருவாச்சி முதலியவற்றைக் காணும் வாய்ப்பு அதைவிட மிகுதி.

அமைவிடமும் போக்குவரத்தும்

போடிநாயக்கனூர் மலையடிவாரத்தில் அமைந்த ஏலக்காய் வணிக நகரம். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏல மையம் இங்கு உள்ளது. கொச்சி - தொண்டி தேசிய நெடுஞ்சாலை 85 இந்நகரைக் கடந்து, 17 கொண்டை ஊசி வளைவுகள் வழியே போடிமெட்டுக்கு ஏறி, பூப்பாறை வழியாக மூணாறு செல்கிறது. தேவாரம், கம்பம் வழியே செல்லும் மற்றொரு சாலை குமுளியை அடைகிறது. மதுரை - போடி மீட்டர் பாதை தொடர்வண்டிச் சேவை அகலப்பாதைப் பணிக்காக 2010ஆம் ஆண்டு இறுதியில் நிறுத்தப்பட்டது. 2023 சூன் மாதம் போடி வரை சேவை மீண்டும் தொடங்கியது.

அருகிலுள்ள காப்பகங்கள்

பெரியார் புலிகள் காப்பகம் (தேக்கடி): 1978இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 925 சதுர கி.மீ. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர்த்தேக்கத்தில் படகில் சென்றவாறே விலங்குகளைக் காணலாம்.

திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம்: 2021 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு மலைச்சாலை உண்டு.

மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா: பூப்பாறைக்கு அருகில் உள்ளது. 2003இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 12.8 சதுர கி.மீ. மட்டுமே.

இரவிகுளம் தேசியப் பூங்கா: மூணாற்றை அடுத்து உள்ளது. பரப்பு 97 சதுர கி.மீ. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டை இங்கு மிக அருகில் காணலாம். குட்டி ஈனும் காலமான பெப்ரவரி, மார்ச்சு மாதங்களில் பூங்கா மூடப்படுவது வழக்கம்.

சின்னார் காட்டுயிர்ச் சரணாலயம்: மூணாறு - உடுமலைப்பேட்டை சாலையில், மழைமறைவுப் பகுதியில் அமைந்துள்ளது. சாம்பல்நிற அணில், நட்சத்திர ஆமை ஆகியன இங்கு வாழ்கின்றன.

பருவத்தைத் தேர்ந்தெடுத்தல்

மலையின் கேரளப் பக்கம் சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையை மிகுதியாகப் பெறுகிறது. போடிப் பக்கம் மழைமறைவில் இருப்பதால் அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியுள்ளது. ஆகவே ஒரே மலையின் இரு பக்கங்களிலும் ஒரே நாளில் இரு வேறு வானிலை நிலவுவது இயல்பு.

மழைக்காலத்தில் காடெங்கும் நீர் கிடைப்பதால் விலங்குகள் தேக்கடி ஏரிக்கரைக்கு வரத் தேவையில்லை. கோடையில் சிற்றோடைகள் வறண்டபின் அவை ஏரியை நாடி வருகின்றன. அதனால் படகுப் பயணத்துக்கு மார்ச்சு முதல் மே வரையிலான காலம் ஏற்றது. அதே காலம் சரிவுகளில் புல் காய்ந்து தீப்பற்றும் காலமாதலால் நடைப்பயணத்துக்கு ஏற்றதன்று. தமிழ்நாட்டு வனத்துறை தீக்காலத்தில் மலையேற்றத்தை நிறுத்தி வைப்பது வழக்கம். நடந்து செல்ல விரும்புவோர் வடகிழக்கு மழை ஓய்ந்தபின் வரும் திசம்பர் இறுதியையும் சனவரியையும் தேர்வது நல்லது.

குரங்கணி காட்டுத்தீ

போடிக்கு வடமேற்கே உள்ள குரங்கணி, டாப் ஸ்டேசனுக்கும் கொழுக்குமலைக்கும் செல்லும் நடைத்தடங்களின் அடிவார ஊராகும். 2018 மார்ச்சு 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்த இரு மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. 23 பேர் உயிரிழந்தனர். மீட்புப் பணியில் இந்திய விமானப்படையின் உலங்கு வானூர்திகள் ஈடுபட்டன. அத்தடத்தில் செல்ல முறையான அனுமதி பெறப்படவில்லை என்று வனத்துறை தெரிவித்தது. நிகழ்வை ஆராய அதுல்ய மிசுரா தலைமையில் விசாரணைக் குழுவை மாநில அரசு அமைத்தது.

சரிவில் பற்றும் தீ சமவெளித் தீயைவிட விரைவாக மேலேறும். கீழே எரியும் சுவாலையின் வெப்பம் மேலே உள்ள புல்லை முன்னரே உலர்த்திச் சூடாக்கிவிடுவதே இதன் காரணம். மலையிடுக்குகள் புகைபோக்கியைப் போல் தீயை மேல்நோக்கி இழுக்கின்றன. ஆதலால் தீயைக் கண்டவர் மேட்டை நோக்கியோ இடுக்குக்குள்ளோ ஓடுதல் கூடாது. ஏற்கனவே எரிந்து முடிந்த நிலம், பாறைத்தளம், நீர்நிலை ஆகியன ஒப்பீட்டளவில் பாதுகாப்பானவை. இவை எங்குள்ளன என்பதை அறிந்தவர் உள்ளூர் வழிகாட்டியே.

அனுமதி

1972ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி தேவை. குரங்கணி நிகழ்வுக்குப் பின்னர், 2018இல் தமிழ்நாட்டு அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை வெளியிட்டது. 2024 அக்டோபரில் மாநிலம் முழுவதும் 40 தடங்களுக்கு இணையவழிப் பதிவு முறை தொடங்கப்பட்டது. குரங்கணி - சாம்பலாறு தடம் அவற்றுள் ஒன்று. கொழுக்குமலை தமிழ்நாட்டு எல்லைக்குள் இருப்பினும், அங்கு ஊர்தியில் செல்வோர் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து சீப்பு மூலமே செல்ல வேண்டும். தேக்கடியின் படகு, மூங்கில் தெப்பம், காட்டு நடை ஆகியவற்றுக்குக் கேரளத்தில் தனியே பதிவு செய்ய வேண்டும். ஒரு மாநிலத்தின் அனுமதி மற்றதில் செல்லாது.

தேக்கடி ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். படகில் உயிர்காப்பு மேலங்கி அணிவதும், விலங்கைக் கண்டதும் எல்லோரும் ஒரே பக்கம் நகராதிருப்பதும் இன்றியமையாதவை.

யானைகளும் ஏலத்தோட்டங்களும்

ஏலச்செடி மர நிழலில் வளர்வது. ஆகவே தோட்டங்களில் பெருமரங்கள் விட்டுவைக்கப்படுகின்றன. யானைகளும் அவற்றினூடே நடமாடுகின்றன. சின்னக்கானல் பகுதியில் அரிசிக்காகக் கடைகளையும் வீடுகளையும் உடைத்து வந்த அரிக்கொம்பன் என்னும் யானை 2023 ஏப்ரல் 29 அன்று பிடிக்கப்பட்டுப் பெரியார் காப்பகத்தில் விடப்பட்டது. மே 27 அன்று அது கம்பம் நகருக்குள் புகுந்தது. அங்கு காயமுற்ற ஒருவர் பின்னர் இறந்தார். சூன் 5 அன்று தமிழ்நாட்டு வனத்துறை அதனைப் பிடித்து, களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் மேல்கோதையாறுப் பகுதியில் விட்டது.

பயணி ஒரு நாள் வந்து போகிறார். தோட்டத் தொழிலாளர் நாள்தோறும் இவ்வழிகளில் நடக்கின்றனர். ஊர்தியை நிறுத்தி யானையை நெருங்குதல், ஒலியெழுப்புதல், உணவு இடுதல் ஆகியவற்றால் சினமுற்ற அல்லது மனிதரிடம் பழகிப்போன யானையை அடுத்து எதிர்கொள்பவர் பெரும்பாலும் அத்தொழிலாளரே.

பயண ஆயத்தம்

பின்வருவன பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றன:

- மண், இலை நிறங்களில் உடை. மழைக்காலத்தில் அட்டை ஏறாத நீள் காலுறை
- இருநோக்கி, போதிய குடிநீர், முதலுதவிப் பொருட்கள்
- அனுமதிச் சீட்டின் அச்சுப்படி, அடையாள அட்டை (மலையில் கைபேசித் தொடர்பு பல இடங்களில் கிடைப்பதில்லை)
- தடம், திரும்பும் நேரம் ஆகியவற்றை ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்தல்
- தீப்பெட்டி, புகைபொருள், நெகிழிப் பை ஆகியவற்றைத் தவிர்த்தல்

உள்ளூர் மக்களின் பங்கு

பெரியார் காப்பகத்தில் 1990களின் இறுதியில் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ், காட்டில் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்து வந்தோர் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாற்றப்பட்டனர். மன்னான், பளியர் பழங்குடியினரும் வழிகாட்டிகளாகப் பணியாற்றுகின்றனர். பயணிகள் செலுத்தும் கட்டணத்தின் ஒரு பகுதி இவர்களின் வருவாயாகிறது. நில உரிமை முறை வேறாயினும், காட்டை அறிந்தவருக்கே அதனைக் காப்பதால் வருவாய் கிடைக்கச் செய்வது என்ற அளவில், ஆப்பிரிக்கச் சமூகக் காப்பகங்களும் தேக்கடியும் ஒத்த வழியில் செல்கின்றன. அனுமதியின்றித் தனியே செல்லும் பயணத்தில் பாதுகாப்போடு இவ்வருவாயும் இல்லாமற் போகிறது.