கறிவேப்பிலையில் காக்கா எச்சம்

ரசத்துக்குக் கறிவேப்பிலை பறிக்கும்போது, எச்சம் பட்டிருக்கிறது என்று ஒதுக்கிவிடும் இலையை ஒருமுறை கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள். எச்சத்துக்குக் கால் இருந்தால் அது புழு. பெரும்பாலும் காமன் மார்மன் வண்ணத்துப்பூச்சியின் புழு. முட்டையை விட்டு வெளிவந்த முதல் சில பருவங்களில் பழுப்பும் வெள்ளையுமாக, ஈரப் பளபளப்போடு கிடக்கும். எந்தக் குருவியும் எச்சத்தைக் கொத்தித் தின்னாது அல்லவா?

கண்ணில் படவில்லையென்றால் தடயத்தைப் பாருங்கள்: ஓரம் கடிபட்ட கொழுந்து, கீழே மிளகுபோலச் சிதறிய புழுக்கை. அதற்கு நேர் மேலே ஆள் இருக்கும்.

படமெடுக்கப் பெரிய செலவு வேண்டாம். செல்போனில் கவ்விக்கொள்ளும் குட்டி மேக்ரோ லென்ஸே தொடக்கத்துக்குப் போதும். கேமரா வைத்திருப்பவர்கள், பழைய 50 மி.மீ. லென்ஸைத் திருப்பி மாட்டும் வளையம் ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம். பூச்சி அதன் உண்மையான அளவிலேயே சென்சாரில் விழும். தானியங்கி ஃபோகஸ் அப்போது வேலை செய்யாது. மூச்சைப் பிடித்து, உடம்பை முன்னும் பின்னும் நகர்த்தித்தான் ஃபோகஸ் பிடிக்க வேண்டும். இந்த நெருக்கத்தில் தெளிவாக விழுவது ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது. லேசான காற்றுக்கே படம் கலங்கிவிடும். அதனால் காற்று அடங்கிய விடியற்காலையில் எடுப்பது நல்லது. குளிரில் பூச்சிகளும் மந்தமாக இருக்கும். ஃபிளாஷுக்கு முன் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் வெளிச்சம் பரவி விழும்.

கண்ணில் ஃபோகஸ் வை என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். வளர்ந்து பச்சையாகிவிட்ட மார்மன் புழு அதிலேயே நம்மை ஏமாற்றும். முதுகில் முறைத்துப் பார்க்கும் இரண்டு பெரிய கண்களும் வெறும் புள்ளிகள். உண்மையான தலை அதற்குக் கீழே ஒடுங்கியிருக்கிறது. பக்கத்துக்கு ஆறாகக் கடுகைவிடச் சிறிய கண்கள். நானும் முதலில் பொய்க் கண்ணைத்தான் எடுத்தேன்.

கொப்பு கொஞ்சம் பலமாக ஆடினால் போதும், தலைக்குப் பின்னாலிருந்து பாம்பின் நாக்குபோலச் சிவப்பாக ஒரு கவை நீளும். கூடவே மூக்கைத் துளைக்கும் நெடி. இந்தப் படத்துக்காகப் புழுவைக் குச்சியால் சீண்டுபவர்கள் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. கறிவேப்பிலை பறிக்கிற கையே தினமும் அந்தக் கொப்பை ஆட்டுகிறது. கேமராவோடு பக்கத்தில் நின்றால் சரி.