அப்பாவோட பழைய புல்லட்... பின் மட்கார்டு துருப்பிடிச்சிடுச்சா? மாத்தணுமா, சரி பண்ணலாமா? முழு விளக்கம்!

பெரம்பலூர், அரியலூர் பக்கம் பல வீட்டுத் திண்ணைகளில் இன்னும் ஒரு பழைய புல்லட்டோ, ஜாவாவோ, ராஜ்தூத்தோ சாக்கு போர்த்தி நின்றுகொண்டிருக்கும். அப்பா வயலுக்கும் சந்தைக்கும் ஓட்டிய வண்டி. மகன் தூசி தட்டி எடுக்கும்போது இன்ஜின்கூட சில நேரம் உதைத்ததும் கிளம்பிவிடும். ஆனால் பின் மட்கார்டைத் தட்டிப் பார்த்தால் துரு பொலபொலவென்று கொட்டும்.

'மட்கார்டு தானே, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விடக்கூடாது. காரணம் இருக்கிறது.

பின் மட்கார்டு ஏன் முக்கியம்?

சேற்றைத் தடுப்பது மட்டும் இதன் வேலை இல்லை. பல பழைய வண்டிகளில் டெயில் லைட், நம்பர் பிளேட் இரண்டும் இதில்தான் மாட்டியிருக்கும். துருப்பிடித்த தகடு அதிர்ந்து விரிசல் விட்டால் உள்ளே போகும் வயர் அறுந்து, பின் விளக்கு அணையும். திருச்சி - சென்னை தேசிய நெடுஞ்சாலை பெரம்பலூர் வழியாகத்தான் போகிறது. அந்தச் சாலையில் ராத்திரி பின் விளக்கு இல்லாத பைக், பின்னால் வரும் லாரி டிரைவர் கண்ணுக்குத் தெரியாது.

அதைவிட மோசம், மட்கார்டைத் தாங்கும் 'ஸ்டே' கம்பி விட்டுப்போவது. தகடு டயரில் உரசும். சிக்கிக்கொண்டால் சக்கரமே நின்றுவிடும்.

இந்தப் பக்கம் ஏன் சீக்கிரம் துருப்பிடிக்குது?

இரும்புக்கு ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைத்தால் துரு. பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் மண் அதிகம். அந்தக் களி மண் மழையில் மட்கார்டின் உள்பக்கம் அப்பிக்கொண்டால் லேசில் விழாது. ஈரத்தையும் பல நாள் பிடித்து வைத்திருக்கும். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமெண்ட் லாரி தூசி வேறு. தூசி படிந்து, அதில் பனியும் மழையும் இறங்கினால் அதே கதைதான்.

அதனால் துரு வெளியே தெரியும் முன்பே உள்ளே ஆரம்பித்துவிடும். ஸ்டே மாட்டும் இடம், இரண்டு தகடு ஒட்டும் இடம், போல்ட் துளை ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

மாத்தணுமா, சரி பண்ணலாமா?

ஸ்க்ரூ டிரைவர் நுனியால் லேசாக அழுத்திப் பாருங்கள்.

* மேலே செந்தூள் மட்டும், தகடு கெட்டியாக இருந்தால்: தேய்த்து பெயின்ட் அடித்தால் போதும்.
* குழி குழியாக இருந்தும் ஓட்டை விழவில்லை என்றால்: துரு நீக்கி, மெல்லிசாகப் பட்டி பார்க்கலாம்.
* நுனி உள்ளே இறங்கினால்: அந்த இடத்தை வெட்டி, புதுத் தகடு வெல்டிங் வைக்கணும்.
* ஸ்டே மாட்டும் இடம் முழுக்க அரித்திருந்தால்: மட்கார்டையே மாற்றுவது நல்லது.

வேலை எப்படி நடக்கும்?

1. கழற்றும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். பேட்டரி வயரைக் கழற்றுங்கள். இறுகிய போல்ட்டில் துரு இளக்கும் ஆயிலை முதல் நாளே விட்டு ஊறவையுங்கள். முறுக்கினால் உடைந்துவிடும்.

2. கம்பி பிரஷ், உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்க்கணும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது, மாஸ்க் போடுவது அவசியம். குழிக்குள் மிஞ்சும் துருவுக்கு பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு நீக்கி பயன்படும். கையுறை கட்டாயம்.

3. ஓட்டை இருந்தால் நல்ல தகடு வரும்வரை வெட்டி, அதே கனத்தில் தகடு வைத்து வெல்டிங். மெல்லிய தகடு என்பதால் ஒரே இழுப்பாக இழுத்தால் சூட்டில் கோணிக்கொள்ளும். புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி வைக்கச் சொல்லுங்கள். மட்கார்டை வண்டியில் வைத்தே, பெட்ரோல் டேங்க் பக்கத்தில் வெல்டிங் செய்ய விடவே கூடாது. குரோம் பூச்சு உள்ள தகடு என்றால் அப்படியே வெல்டிங் வைக்கக்கூடாது. அந்தப் புகை விஷம்.

4. டிங்கரிங் முடிந்ததும் மெல்லிய பட்டி. அன்றைக்கே பிரைமர் அடித்துவிடணும். வெறும் இரும்பை ஒரு ராத்திரி விட்டாலே மறுபடி துரு எட்டிப்பார்க்கும்.

5. உள்பக்கமும் பெயின்ட் அடித்து, மேலே அண்டர்பாடி கோட்டிங் கொடுக்கணும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

6. மாட்டும்போது ரப்பர் வாஷர் போட்டு, வயர் போகும் துளையில் ரப்பர் வளையம் வைக்கணும். சாரி கார்டையும் மறக்காமல் திரும்ப மாட்டுங்கள். ஒருவரைப் பின்னால் உட்காரவைத்து டயர் உரசுகிறதா என்று பாருங்கள்.

ஓட்டை மேலேயே பட்டி பூசித் தந்தால்?

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே துரு பரவும். ஒரு மழைக்காலம் போனால் கொப்புளம் கிளம்பும். பெயின்ட் அடிக்கும் முன் ஒருமுறை பட்டறைக்குப் போய் இரும்பைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்லுது?

அதே அளவில் பழுது பார்ப்பது தவறில்லை. மட்கார்டை வெட்டிச் சிறிதாக்கி 'பாபர்' ஸ்டைல் ஆக்குவது வேறு. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. வண்டியின் நிறத்தையே மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்றணும்.

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு 'விண்டேஜ்' பதிவு கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான். தினமும் ஓட்டும் எண்ணம் இருந்தால் இதை யோசித்து முடிவெடுங்கள்.

பழைய தகட்டை உடனே எடைக்குப் போட்டுவிட வேண்டாம். திருவொற்றியூர் ஆலையில் தயாரான சென்னை புல்லட்டுகளுக்கு இன்று மதிப்பே அசல் பாகங்களில்தான். புது மட்கார்டு வாங்கினாலும் தகட்டின் கனம், வளைவு, போல்ட் துளை பொருந்துகிறதா என்று பழையதோடு ஒட்டிவைத்துப் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

வேலை முடிந்த பிறகு செய்ய வேண்டியது ஒன்றுதான். மழையில் ஓட்டி வந்த அன்றே, மட்கார்டின் உள்பக்கச் சேற்றைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். அந்த அஞ்சு நிமிஷ வேலைதான் அடுத்த பட்டறைச் செலவைத் தள்ளிப்போடும்.