பெட்டியில் வைக்க மறந்தது



நம் வாலிபர் சங்கத்தின் முதல் இந்தியப் பயணம் முடிந்து, போன 16 பேரும் சுகமாகக் கோலாலம்பூர் திரும்பிவிட்டோம். தேவனுக்கு ஸ்தோத்திரம். அடுத்த குழுவில் சேரப் பெயர் கொடுத்திருப்பவர்களுக்குப் பயன்படும்படி ஒரு கட்டுரை எழுதித் தரச் சொன்னார் போதகர். போன 16 பேரில் 14 பேர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. அவர்களைக் கூட்டிப் போனவன் என்கிற முறையில், நன்றாக நடந்ததையும் நான் தவறவிட்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஆயத்தம். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். மின்விசாவுக்கு இந்திய அரசின் இணையதளத்தில் விண்ணப்பிக்கும்போது, பெயரைக் கடவுச்சீட்டில் இருக்கிறபடியே எழுத்துப் பிசகாமல் நிரப்புங்கள். சின்னக் கடைகளில் எல்லாரும் கைப்பேசியைக் காட்டிப் பணம் கட்டுகிறார்கள். நம் அட்டை அங்கே செல்லாது. ஆகையால் 50, 100 ரூபாய்த் தாள்களாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மூடி உடைக்காத பாட்டில் தண்ணீரை மட்டும் குடியுங்கள். கிராமத்துக் கோயில்களில் செருப்பை வெளியே விட்டுவிட்டுத் தரையில் உட்காருகிறார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெண்கள் தலையில் முக்காடு போட ஒரு துப்பட்டா எடுத்துப்போவது நல்லது.

இதையெல்லாம் மூன்று கூட்டம் போட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பட்டியல் அச்சடித்தும் கொடுத்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

திருச்சியில் இறங்கினோம். எங்கள் வழிகாட்டி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மறுநாள் தஞ்சாவூரில் ஷ்வார்ட்ஸ் ஐயர் நினைவாக உள்ள ஆலயத்துக்கு அழைத்துப் போனார். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த அவர், 1798இல் தஞ்சாவூரிலேயே இறந்தார். கிறிஸ்தவராகாத சரபோஜி மன்னர், தம்மை வளர்த்த அந்தப் போதகருக்காக இங்கிலாந்தில் ஒரு பளிங்குச் சிற்பம் செய்வித்து வைத்திருக்கிறார். மரணப் படுக்கையில் கிடப்பவரின் அருகே மன்னர் நிற்கிறார். பிள்ளைகள் அதைவிட்டு நகரவே மாட்டேன் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கிராமத்தில் ஆராதனை. பாட்டுகளெல்லாம் நாம் பாடுகிறவைதான், ராகம் மட்டும் கொஞ்சம் இழுத்து வந்தது. ஆராதனை முடிந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் இழுத்துப் பிடித்துப் பசியாற வைத்தார்கள். அங்கே ஒரு வயதான அம்மா, எங்கள் குழுவில் 17 வயதுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"உங்க தாத்தா எந்த ஊரு கண்ணு?"

"தஞ்சாவூர்ப் பக்கம்னு சொல்வாங்க பாட்டி."

"அப்படியா! நீங்க என்ன ஆளுங்க?"

அவளுக்குக் கேள்வி புரியவில்லை. "கிறிஸ்டியன், பாட்டி" என்றாள். "அது தெரியுது கண்ணு, அதுக்குள்ள என்ன ஆளுங்க?" என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே மறுபடியும் கேட்டார். அவர் முகத்தில் வெறுப்பு எதுவும் இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பேச்சை மாற்றி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். மலேசியாவில் அப்போது பத்தரை மணி. அம்மா வெகுநேரம் பேசவில்லையாம். பிறகுதான் சொன்னாராம்: கொள்ளுத்தாத்தா ஊரில் திருவிருந்துக்கு அவர்கள் குடும்பம் கடைசியாகத்தான் போக முடியும். அதைப் பொறுக்காமல்தான் அவர் நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறினார். இந்தப் பேச்சே நம் வீட்டில் வரக்கூடாது என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார்.

காலையில் அவள் கண்கள் வீங்கியிருந்தன. "அண்ணா, நம்ம கோயில்லயுமா இப்படி?" என்று கேட்டாள். கொசு மருந்து முதல் காய்ச்சல் மாத்திரை வரைக்கும் பட்டியல் போட்ட என்னிடம் இதற்குப் பதில் இல்லை.

திங்கட்கிழமை தரங்கம்பாடி. 1620இல் டென்மார்க்குக்காரர் கட்டிய கோட்டையையும், சீகன்பால்கும் புளூட்சோவும் 1706 ஜூலை 9 அன்று வந்திறங்கிய கடற்கரையையும் பார்த்தோம். சீகன்பால்க் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து தமிழ் எழுத்துப் பழகினவர். டேனிஷ் அதிகாரியால் நான்கு மாதம் சிறையில் அடைபட்டவர். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தவர். 1719இல் இறந்தபோது அவருக்கு வயது 36தான். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

அந்த ஆலயத்தில் உட்கார்ந்திருந்தபோது, அந்தப் பெண் வழிகாட்டி ஐயாவிடமே கேட்டுவிட்டாள். அவர் பேச்சை மாற்றவில்லை.

"கேட்டதுக்கு உண்மையைச் சொல்லணும்மா" என்று ஆரம்பித்தார். 1733இல் ஆரோன் முதல் தமிழ்ப் போதகராக அபிஷேகம் பெற்றதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். அதே காலத்தில் ராஜநாயக்கன் என்ற உபதேசியார் இருந்தார். தஞ்சாவூர்ப் படையில் சேவகராக இருந்தவர், ஊர் ஊராகச் சுவிசேஷம் சொல்லிச் சபைகளை வளர்த்தவர். 1741இல் அடுத்த போதகரைத் தேடியபோது அவர் தகுதியை யாரும் குறை சொல்லவில்லை. ஆனாலும் தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர் கையால் மற்றவர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்று பயந்து வேறொருவரை ஏற்படுத்தினார்கள். 1833இல் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடவே கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். அதை ஏற்காமல் சபையை விட்டே போனவர்களும் உண்டு.

"ராஜநாயக்கன் அதுக்கப்புறம் ஊழியத்தை விட்டுடலை. கடைசி வரைக்கும் உபதேசியாராவே இருந்தார். அவரையும் நினைச்சுக்கோம்மா. உன் கொள்ளுத்தாத்தாவையும் நினைச்சுக்கோ. இந்தக் கோயில் அவங்களுக்கும் சொந்தம்" என்று முடித்தார்.

மறுநாள் அங்கிருந்து 35 கிலோமீட்டர் தெற்கே நாகப்பட்டினம் போனோம். நம் தாத்தா பாட்டிமார் பலர் கப்பல் ஏறிய கரை அதுதான். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் நின்றார்கள். அந்தப் பெண் தன் அம்மாவுக்கு வீடியோ அழைப்பில் கடலைக் காட்டினாள். அம்மா அழுதார். ஆனால் இந்தத் தடவை பேச்சை நிறுத்தவில்லை. கொள்ளுத்தாத்தாவின் பெயர், அவர் ஊர், அவர் வேலை செய்த பால்மரத் தோட்டம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

யோர்தானைக் கடந்த இஸ்ரவேலர் பன்னிரண்டு கற்களை எடுத்து நாட்டினது யோசுவா 4ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இந்தக் கற்கள் என்ன என்று பிள்ளைகள் பின்னாளில் கேட்டால் பெரியவர்கள் சொல்ல வேண்டும் என்பது கட்டளை. பிள்ளைகள் கேட்டபோது நான் பஸ்ஸைக் காரணம் காட்டித் தப்பித்தேன். அந்த ஐயா தப்பிக்கவில்லை.

எனவே அடுத்த குழுவுக்கு என் பட்டியலில் மூன்று காரியங்களைச் சேர்க்கிறேன். புறப்படுமுன் வீட்டுப் பெரியவர்களோடு ஒரு மாலை உட்கார்ந்து, எந்த ஊர், எப்போது வந்தோம், ஏன் வந்தோம் என்று கேளுங்கள். பெற்றோரே, பிள்ளைகள் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். மூன்றாவது, அந்தக் கேள்வியை யாராவது உங்களிடம் கேட்டால் கோபப்படவும் வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். கிறிஸ்துவுக்குள் எங்களுக்கு அப்படி எதுவும் இல்லை என்று அன்பாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு வந்து, நம் சபையில் பெண் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் அது உண்மையாய் இருக்கிறதா என்று நம்மையே பார்த்துக்கொள்வோம்.

அந்தப் பெண் அடுத்த பயணத்துக்கும் பெயர் கொடுத்திருக்கிறாள். இந்தத் தடவை அவள் அம்மாவும் வருகிறார்.