தொட்டால் சுடும் செடிகள்

விடுமுறை நெருங்கிவிட்டால் நம் சங்க நண்பர்களுக்கு மலை நினைவு வந்துவிடும். முசூரி என்பார் ஒருவர்; நைனிதால் என்பார் மற்றொருவர். கம்பளியும் டார்ச்சு விளக்கும் மறவாமல் எடுத்துக்கொள்கிறோம். பாம்புக்கும் சிறுத்தைக்கும் அஞ்சுகிறோம். ஆனால், நின்ற இடத்தில் நின்றுகொண்டே நம்மைத் தாக்கும் செடிகளும் உண்டு. அவற்றை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தாவரவியல் மாணவன் என்ற முறையில் அவற்றைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

தோலுக்குத் தீங்கு செய்யும் செடிகளை இரு வகையாகப் பிரிக்கலாம். தொட்டவுடன் வலி தருபவை ஒரு வகை. தொடும்போது ஒன்றும் செய்யாமல், ஓரிரு நாள் கழித்துத் துன்புறுத்துபவை மற்றொரு வகை. இவ்விரண்டில் எதற்கு மிகுதியாக அஞ்சவேண்டும்? பின்னதற்கே என்பது என் கருத்து. காரணத்தைக் காண்போம்.

தேள் புல்

இந்தியில் 'பிச்சூ' என்றால் தேள். இமயமலைப் பாதைகளின் ஓரங்களில் வளரும் ஒரு செடியைப் 'பிச்சூ காஸ்', அதாவது தேள் புல் என்பர். கட்வால் மக்கள் அதனைக் 'கண்டாலி' என்கின்றனர். நம் ஊர்க் காஞ்சொறி வேறு குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் செய்யும் தொழில் இதுவே.

இதன் இலையிலும் தண்டிலும் நுண்ணிய மயிர்கள் உள்ளன. அவற்றின் முனை கண்ணாடி போன்றது. கை பட்டதும் முனை ஒடிந்து, எஞ்சிய பகுதி ஊசிக்குழல் போலத் தோலில் நச்சு நீரை ஏற்றிவிடுகிறது. எறும்புக் கடியில் உள்ள அமிலமே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் கருதினர். 1947-இல் எம்மெலின், ஃபெல்ட்பெர்க் என்ற இரு அறிஞர்கள் அந்த நீரில் ஹிஸ்டமினும் அசிட்டைல்கோலினும் இருப்பதைக் காட்டினர். எரிச்சலும் தடிப்பும் தோன்றினாலும் பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். பட்ட இடத்தைத் தேய்க்கக்கூடாது. ஒட்டும் பட்டையை வைத்து எடுத்தால் மயிர்கள் அதனுடன் வந்துவிடும்.

இச்செடியின் இளந்தளிரைப் பறித்து மலைவாழ் மக்கள் கீரையாகச் சமைத்து உண்கின்றனர். வெந்துவிட்டால் அதன் கொடுக்குப் போய்விடுகிறது. தீங்கு செய்யும்போதே தன்னை இன்னதென்று காட்டிவிடுவதால் இதனை நேர்மையான பகைவன் எனலாம்.

காத்திருந்து தாக்குபவை

மறைந்திருந்து தாக்கும் பகைவனுக்குச் சேராங்கொட்டை மரம் சான்று. இந்தியில் 'பிலாவா' என்பர். இமய அடிவாரக் காடுகளிலும் நடு இந்தியக் காடுகளிலும் இது உண்டு. இலைகள் பெரியவை. ஆரஞ்சு நிறச் சதையின்மேல் கரிய கொட்டை உட்கார்ந்திருக்கும். மா, முந்திரி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்துபோனதை நம்மில் பலர் சிறு வயதில் கண்டிருப்போம். அதற்கு இது மூத்த அண்ணன். கிழக்கு இமயத்தில் நேபாளிகள் 'பலாயோ' என்றழைக்கும் மரங்களும் இவ்வினத்தைச் சார்ந்தவையே.

இதன் சாற்றில் உள்ள எண்ணெய் போன்ற பொருள் தோலில் ஊறி, அங்குள்ள புரதங்களோடு சேர்ந்துகொள்கிறது. உடலின் காவல் அணுக்கள் அதனை அயலான் என்று குறித்துவைக்கின்றன. முதல் முறை பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை. அடுத்த முறை பட்டால், ஓரிரு நாளில் அரிப்பும் வீக்கமும் நீர்க் கொப்புளங்களும் தோன்றும். ஆகவே, "முன்பு தொட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்பது அச்சமின்மைக்குச் சான்றாகாது. சாறு மிகுதியாகப் பட்டால் முதல் முறையிலேயே தோல் புண்ணாவதும் உண்டு.

முன்பு சலவைத் தொழிலாளர் துணிகளில் குறியிட்டுவந்தது இக்கொட்டையின் சாற்றால்தான். இரண்டாம் உலகப்போரின்போது இந்தியாவில் இருந்த அயல்நாட்டுப் படைவீரர்கள் சிலருக்குக் கழுத்தில் புண் கண்டது. சட்டைக் கழுத்திலிருந்த சலவைக் குறியே காரணம் என்று மருத்துவர்கள் கண்டறிந்து 1943-இல் வெளியிட்டனர். துவைத்து உலர்ந்த துணியில் ஒரு சிறு புள்ளி அவ்வளவு செய்யுமானால், மரத்தடியில் கொட்டை பொறுக்கி விளையாடுபவர் கதி என்ன?

எங்களுடன் அடிவாரக் காட்டுக்கு வந்த நண்பர் ஒருவர் அவ்வாறு பொறுக்கினார். விடுதிக்குத் திரும்பி இரண்டாம் நாள் கையும் இமையும் வீங்கின. பழியை விடுதிக் கத்தரிக்காய்க் குழம்பின்மேல் போட்டார். அறை நண்பரோ, தமக்கும் தொற்றிவிடும் என்று படுக்கையைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். நோயைவிட அதுவே அவரை மிகவும் வருத்தியது. உண்மை யாதெனில், கொப்புள நீரால் இது பிறருக்குப் பரவாது. சாறு படிந்த துணி, செருப்பு, நகம் ஆகியவற்றாலேயே மீண்டும் ஒட்டும்.

வளாகத்திலேயே ஒன்று

மலைக்குப் போகாதவர்களும் மகிழ்ந்துவிட வேண்டாம். விளையாட்டுத் திடலின் ஓரத்தில் கேரட் இலை போன்ற இலையும் சிறு வெள்ளைப் பூவும் கொண்டு நிற்கிறதே, பார்த்தீனியம், அதுவும் இந்தக் கூட்டத்தில் ஒன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இது, 1950-களில் பூனாவில் கவனிக்கப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவியது. இதன் உலர்ந்த துகள் காற்றில் வந்தே இமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களைப் புண்ணாக்கும். சிரமதான நாளில் இதனை வெறுங்கையால் பிடுங்கவேண்டாம்.

செய்யவேண்டுவன

காட்டில் முழுக்கைச் சட்டையும் நீண்ட கால்சட்டையும் அணிக. பெயர் தெரியாத காயைப் பறிக்கவேண்டாம். வெட்டுவாய் கறுக்கும் கிளையை விறகாக்கவேண்டாம்; அதன் புகை கண்ணையும் மூச்சையும் தாக்கும். சாறு பட்டதாக ஐயம் எழுந்தால், வலி வரட்டும் என்று காத்திராமல், சில நிமிடங்களுக்குள் சோப்பிட்டு மிகுதியான நீரில் கழுவுக. நகங்களையும் துணியையும் கழுவுக. அரிப்புக்குக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியும் காலமைன் களிம்பும் போதும். கடைக்காரர் தரும் ஸ்டீராய்டு களிம்பைத் தாமாகப் பூசுதல் தவறு. முகம், கண் வீங்கினாலும், மூச்சுத் திணறினாலும் உடனே மருத்துவரிடம் செல்க.

அவரிடம் நேற்று உண்டதை மட்டும் கூறினால் போதாது. மூன்று நாள் முன்பு எங்கே சென்றீர்கள், எதைத் தொட்டீர்கள் என்பதையும் கூறுங்கள். காரணம் தெரிந்தால் மருத்துவம் எளிதாகும். அறை நண்பரும் தம் படுக்கையைச் சுருட்டமாட்டார்.