வாசலில் வந்து நின்ற வாக்கு

"உலக சரித்திரத்தில் உயர்ந்த மாதர்" என்னும் பொருள் பற்றி ஒரு கட்டுரை எழுதி வருமாறு பத்தாந்தர மாணவர்க்குச் சென்ற தவணையிலே பணித்திருந்தேன். முப்பத்தொரு கட்டுரைகள் வந்தன. மேரி கியூரி அம்மையார் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருந்தார். பிரான்சு தேசத்து ஜோன் குதிரைமேல் வந்தாள். நைற்றிங்கேல் அம்மையார் விளக்கோடு வந்தார். தமிழ்ப்பற்று மிக்கோர் ஔவையாரையும் வேலு நாச்சியாரையும் மறவாது சேர்த்திருந்தனர். பிழை சொல்ல அதிகமில்லை. ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையினால் திருத்தி முடித்தேன். முடித்த பின்னரே ஒரு குறை மனத்தை உறுத்திற்று. அக்கட்டுரைகளிலே வந்த மாதருள் பண்ணைப் பாலத்தைக் கடந்து இப்பால் தீவுப்பகுதிக்கு வந்தவர் ஒருவருமிலர். சரித்திரம் என்பது கடலுக்கு அப்பால் நிகழ்வது, வேலணையில் நிகழ்வன புகையிலைத் தோட்டமும் திருவிழாவுமே என்று பிள்ளைகள் எண்ணியிருக்கிறார்கள். அவர்களைச் சொல்லி என்ன பயன்? அவ்வயதில் நானும் அப்படித்தான் எழுதினேன். நூற்றுக்கு எழுபது புள்ளியும் பெற்றேன்.

மறுநாள் வகுப்பிலே ஒரு வினாவை எழுப்பினேன். உலக சரித்திர நிகழ்ச்சி ஒன்று வேலணைப் பெண்கள் எல்லாருடைய வாசலுக்கும் ஒரே காலத்தில் வந்தது, அது யாது? நெடுநேரம் மௌனம். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "1990ஆம் ஆண்டு இடப்பெயர்வு, சேர்" என்றாள். அவள் பிறப்பதற்கு இருபது ஆண்டு முந்திய துயரம் அது. வீட்டிலே கேட்டுக் கேட்டுத் தன் நினைவாகவே ஆக்கிக்கொண்டுவிட்டாள். விடை தவறென்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அது ஆண்களையும் விடவில்லையே அம்மா என்று மட்டும் கூறி, கரும்பலகையில் 1931 என்று எழுதினேன்.

தேர்தல் என்றவுடனே தமிழாசிரியனுக்கு உத்தரமேரூர் நினைவுக்கு வந்துவிடும். முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய அச்சாசனங்களைக் காட்டி, குடவோலை முறையிலே நாம் உலகுக்கே வழிகாட்டினோம் என்று மேடையில் முழங்குவது எங்கள் தொழிலின் ஒரு கூறு. நானும் முழங்கியிருக்கிறேன். ஆனால் அச்சாசனத்தின் விதிகளை முறையாகப் படித்தால், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயதும், கால்வேலிக்கு மேல் இறைநிலமும், சொந்த மனையிலே வீடும், வேத சாத்திரப் பயிற்சியும் உடையோர் பெயரே ஓலையில் ஏறலாம் என்று காண்போம். குடத்துள்ளே பெண்ணுக்கு இடமில்லை. இதைப் பழியாகச் சொல்கிறேன் அல்லேன். சனநாயகத்தின் தாயகம் எனப்படும் ஏதென்சு நகரத்திலும் இடமில்லை. ஆயிரம் ஆண்டு, ஈராயிரம் ஆண்டு என்று பெண்ணினம் வெளிவாசலில் நின்ற கதை எந்நாட்டுக்கும் பொதுவானது.

அவ்வாசல் முதன்முதலிற் பெரிதாகத் திறந்தது நியூசிலாந்திலே, 1893ஆம் ஆண்டு செப்தெம்பர் 19ஆம் நாள். கேற் ஷெப்பேட் என்னும் அம்மையாரும் அவர்தம் தோழியரும் ஏறக்குறைய 32,000 பெண்களிடம் கையொப்பம் வாங்கினர். மனுத்தாள்களை ஒன்றோடொன்று ஒட்டிச் சுருட்டிப் பாராளுமன்றத்துக்கு அனுப்ப, அங்கே ஓர் உறுப்பினர் அச்சுருளைச் சபை நடுவே பாய் விரிப்பதுபோல உருட்டி விரித்தாராம். இங்கிலாந்திலே காரியம் அத்துணை எளிதில் முடியவில்லை. சிறை, உண்ணாவிரதம், குதிரைப் பந்தயத் திடலிலே 1913இல் அரசனின் குதிரை மோதி உயிர்துறந்த எமிலி டேவிசன் ஆகிய எல்லாவற்றையும் கடந்து, 1918இல் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுட் சிலருக்கும், 1928இல் இருபத்தொரு வயதான அனைவருக்கும் வாக்குக் கிடைத்தது. பிரான்சு 1944 வரையில் கொடுக்கவில்லை. சுவிற்சர்லாந்து 1971 வரையில் கொடுக்கவில்லை. இரு முறை நோபல் பரிசு பெற்ற மேரி கியூரி அம்மையார் பிரான்சு தேசத்திலே வாக்களிக்கும் உரிமையின்றியே 1934இல் காலமானார். இதைக் கூறியபோது வகுப்பில் ஒரு சலசலப்பு உண்டாயிற்று; அவரை மறவாது எழுதிய முப்பது பேரும் இதனை எழுதவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். டொனமூர் ஆணைக்குழுவினர் 1927ஆம் ஆண்டின் இறுதியிலே இலங்கைக்கு வந்தபோது, சனத்தொகையிலே நூற்றுக்கு நால்வருக்குத்தான் வாக்கு இருந்தது. அந்நால்வரும் ஆண்களே. அவ்வாண்டு திசெம்பரிலே கொழும்பில் மாதர் வாக்குரிமைச் சங்கம் தோன்றிற்று. அதன் மூலவர்களுள் ஒருவரை நாம் நம்மவரென்றே சொல்லலாம். கனடா தேசத்தில் 1873இல் பிறந்து, மருத்துவம் கற்று, 1896இல் இலங்கைக்கு வந்து, தமிழராகிய கனகரத்தினம் என்பாரை மணந்த வைத்திய கலாநிதி மேரி இரத்தினம் அம்மையாரே அவர். இத்திருமணம் அவரைத் தெரிந்தெடுத்த மிஷனாருக்கு உவப்பாயிருக்கவில்லை. அவரோ மனந்தளராது கொழும்பிலே பெண்களுக்கு வைத்தியம் செய்தும், 1930இல் இலங்கை மகளிர் சமித்தியைத் தோற்றுவித்தும், கிராமத்துத் தாய்மாருக்காகவே வாழ்ந்தார். 1958இல் மக்சேசே விருது அவரைத் தேடி வந்தது.

சங்கத்தின் சார்பிலே ஆணைக்குழுவின் முன் சென்றோருள் செயலாளர் அக்னஸ் டி சில்வா அம்மையாரும் ஒருவர். தோட்டங்களிலே கொழுந்து பறிக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமென்றா கேட்கிறீர்கள் என்று டொனமூர் பிரபு வினவினாராம். ஐயமின்றி வேண்டும், அவர்களும் பெண்களே என்று அம்மையார் மறுமொழி பகர்ந்தார். சிங்களப் பிரபு குலத்தவர்களும் தமிழ்ப் பிரபு குலத்தவர்களும் தோட்டத் தொழிலாளியின் பெயரைச் சொல்லவே முகஞ்சுளித்த காலத்தில் வந்த விடை அது. என் கருத்திலே, இந்நாட்டு அரசியற் பேச்சுக்களுள் இதற்கு நிகரானவை மிகச் சில.

எதிர்த்தோரும் இருந்தனர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் சர்வசன வாக்குரிமையையும் மாதர் வாக்குரிமையையும் ஒருங்கே எதிர்த்தார். இவரே 1913இல் மருதனார்மடத்திலே சைவப் பெண்பிள்ளைகளுக்கென்று பெருங் கல்லூரி நிறுவிய வள்ளல். பெண்ணுக்குக் கல்வி வேண்டும், வாக்கு வேண்டா என்பது அவர் துணிபு. அக்கல்லூரியிலே பயின்ற மாணவியரின் மாணவியரிடம் தமிழ் கற்றவன் நான். ஆதலால் அவரை இகழ என்னால் இயலாது. அவர் சொன்னதை ஏற்கவும் இயலாது.

ஆணைக்குழு முதலிலே முப்பது வயதுப் பெண்களுக்கே வாக்களிக்கச் சிபாரிசு செய்தது. பின்னர் ஆணுக்கும் பெண்ணுக்கும் இருபத்தொன்று என்று முடிவாயிற்று. 1931ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஆசியாவிலேயே முதன்முதலாகச் சர்வசன வாக்குரிமையுடன் தேர்தல் நடந்தது இலங்கையிலேதான். பாரிசு நகரத்துப் பேரறிஞைக்கு இல்லாத உரிமை, வேலணையிலே புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் வார்க்கும் பெண்ணின் வாசலுக்கு வந்து நின்றது.

வந்து நின்றது, உள்ளே வரவில்லை. இதுவே நான் மாணவர்க்குச் சொல்ல விரும்பிய செய்தி.

அக்காலத்து யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், காந்தியடிகளை 1927இல் இங்கே வரவழைத்த கூட்டம். சாதிக்கொடுமையை எதிர்த்து, சம ஆசனம் சம போசனம் என்று நின்ற இலட்சியவாதிகள். டொனமூர்த் திட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லை; ஆதலால் தேர்தலைப் பகிஷ்கரிக்க வேண்டும் என்று 1931 ஏப்பிரில் மாநாட்டிலே அவர்கள் தீர்மானித்தார்கள். அம்மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து வந்து சிறப்பித்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? கமலாதேவி சட்டோபாத்தியாய. 1926இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குப் போட்டியிட்டு, இந்தியாவிலே சட்டசபைத் தேர்தலில் நின்ற முதற்பெண் என்று பெயர்பெற்று, சில வாக்குகளால் தோற்ற அதே கமலாதேவி அம்மையார்!

மே மாதம் 4ஆம் நாள் நியமனப் பத்திரம் ஏற்கும் தினம். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் பத்திரம் கொடுக்கவில்லை. பகிஷ்காரம் பூரண வெற்றி. தென்னிலங்கைத் தலைவர்கள் பின்தொடர்வார்கள் என்ற நம்பிக்கை மட்டும் பொய்த்தது. 1934இல் இடைத்தேர்தல் வரும் வரையில் அரசாங்க சபையிலே எங்கள் நான்கு ஆசனங்களும் வெறுமையாய்க் கிடந்தன. வேலணை ஊர்காவற்றுறைத் தொகுதியைச் சேர்ந்தது. இவ்வூரவராகிய சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி 1936இல் அத்தொகுதியின் உறுப்பினராகி, 1947 வரையில் அச்சபைக்கே சபாநாயகராய் வீற்றிருந்தார் என்பது எங்களுக்குப் பெருமை. அதற்கு முந்திய மூன்றாண்டு வெறுமையைப் பற்றி இங்கே ஒருவரும் பேசுவதில்லை.

வாலிபர் காங்கிரசாரை நான் மதிக்கிறேன். சுயராச்சியம் கேட்டது தவறன்று. ஆயினும் ஆயிரம் ஆண்டு காத்திருந்து அவ்வாண்டுதான் வாக்குப் பெற்ற ஒரு சாராரின் வாக்கையும் சேர்த்து மடித்து வைத்தபோது, அச்சாராரிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். ஆண்களுட் சிலர் முன்னரே வாக்களித்துப் பழகியவர்கள். அவர்கள் துறந்தது தம் கையிலிருந்த பொருளை. பெண்கள் துறந்தது, அல்லது துறப்பிக்கப்பட்டது, கண்ணாற் காணாத பொருளை.

அம்மூன்றாண்டில் தெற்கிலே காரியங்கள் விரைந்து நடந்தன. 1931 முடியுமுன் அடலின் மொலமுரே அம்மையார் தந்தையாரின் மறைவால் வெற்றிடமான ருவன்வெல்லத் தொகுதியிலே வென்று, சபையின் முதற் பெண் உறுப்பினரானார். 1932இல் கொழும்பு வடக்கிலே நேசம் சரவணமுத்து அம்மையார் வென்றார். மேரி இரத்தினம் அம்மையார் தோற்றுவித்த மகளிர் சமித்தியிலே பொதுப்பணி பயின்ற ஒரு பெண்மணி, 1960 யூலை 21இல் உலகத்தின் முதற் பெண் பிரதமரானார். சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரை எங்கள் மாணவர் ஒருவருமே எழுதாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் மொழியுரிமைக்காகச் சத்தியாக்கிரகம் இருந்த ஆண்களும் பெண்களும் இராணுவத்தினரால் அகற்றப்பட்டது அவருடைய ஆட்சியிலேதான். பெண் ஆண்டால் தாயுள்ளத்தோடு ஆள்வாள் என்று எழுதும் மாணவர்க்கு நான் புள்ளி குறைப்பதும் இது பற்றியே. வாக்கு அறத்துக்குக் கிடைக்கும் பரிசன்று, அது உரிமை.

தோட்டத்துப் பெண்களோ, அக்னஸ் அம்மையார் கேட்டு வாங்கிக்கொடுத்த வாக்கை நெடுங்காலம் வைத்திருக்கவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களிற் பெரும்பாலோரிடமிருந்து அதனைப் பறித்துவிட்டன. நாங்கள் மூன்றாண்டு இழந்தோம். அவர்கள் ஒரு தலைமுறைக்கு மேல் இழந்தார்கள்.

இவ்வளவும் கேட்ட அந்தப் பின்வரிசை மாணவி, "அந்த நேரம் எங்கட பொம்பிளையள் என்ன சொன்னவை, சேர்?" என்று கேட்டாள். நூல்களிலே நான் தேடிக் காணாத விடையை அவள் கேட்டாள். எனக்குத் தெரிந்தது என் ஆச்சியின் கதை ஒன்றே.

அப்பாவின் தாயாராகிய ஆச்சிக்கு 1931இல் இருபத்துமூன்று வயது. உயர்தர வகுப்பிலே சரித்திரம் கற்ற செருக்கோடு ஒருநாள் பகிஷ்காரத்தைப் பற்றி அவளிடம் விசாரித்தேன். பனையோலைப் பெட்டி இழைத்துக்கொண்டிருந்தவள் தலைநிமிராமலே சொன்னாள்: "வோட்டு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது மோனை. ஆம்பிளையள் திண்ணையில இருந்து கதைச்சவை. நாங்கள் அடுப்படியில நிண்டனாங்கள்."

பின்னர் வந்த தேர்தல் ஒன்றில் அவள் வாக்களித்தாள். ஆண்டு சொல்லத் தெரியாது. துரைசுவாமியார் காலம் என்பாள். எழுத்தறியாதோரும் வாக்களிக்கும்பொருட்டு அக்காலத்திலே வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் வழங்கப்பட்டிருந்தது. அந்நிறப் பெட்டியிற் சீட்டை இடவேண்டும். தாத்தா இன்ன நிறம் என்று சொல்லி அனுப்பினாராம். கூறைச்சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு போனாளாம்.

"தாத்தா சொன்ன நிறத்துக்கோ ஆச்சி போட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

இழைப்பதை நிறுத்தி என்னை ஒருமுறை பார்த்தாள். "ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு பெட்டியடியில நிண்டவர் சொன்னவர்" என்றாள்.

தாத்தாவுக்கும் சொல்லவில்லையாம். 1988ஆம் ஆண்டிலே, நோயிற் கிடந்தபோது, இனியென்ன ஆச்சி, எனக்காவது சொல்லுங்கள் என்று காதோரமாய்க் கேட்டுப் பார்த்தேன். சிரித்தாள். நிறத்தைச் சொல்லாமலே போனாள்.